பெர்னிஸ் கொண்டை

லிண்டன் ஃபோர்க்கில் காற்றடிக்காத நாள் கிடையாது. நெப்ராஸ்காக் காற்று லேசுப்பட்டதா? ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் காரை விட்டு இறங்கினால் போதும், சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து சுருட்டிய முடியெல்லாம் வைக்கோல் போராகிவிடும். ஊரில் ஒரே ஒரு தலை மட்டும் அசையாது. பெர்னிஸ் ஸ்டெலிக்கின் தலை. சுருளுக்குச் சுருள், வளைவுக்கு வளைவு, காலையில் எப்படி இருந்ததோ சாயங்காலமும் அப்படியே இருக்கும்.

இந்தப் புகழெல்லாம் போய்ச் சேர்ந்தது முடி அலங்காரக் கடை வைத்திருந்த ஆர்டிஸ் ஹ்ராடெக்குக்கு. "எனக்கும் பெர்னிஸுக்கு வைக்கிற மாதிரியே வச்சு விடு" என்று கேட்காத பெண் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. அதற்கு 'பெர்னிஸ் கொண்டை' என்று பேரே விழுந்துவிட்டது. ஆர்டிஸும் முகம் கோணாமல் வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போவதற்குள் அது கலைந்துவிடும். "என் முடி ராசி அவ்வளவுதான்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிகிறாள், நமக்கென்ன என்று ஒரு பெருமூச்சு வேறு.

கூந்தலாவது, சீமாட்டியாவது! பெர்னிஸின் தலையில் ஒரு முடி கிடையாது.

புருஷன் செத்த வருஷம் கோடைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது முடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் மத்தியானம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆர்டிஸின் கடைக்குள் வந்து, கதவைத் தானே தாழிட்டு, துணியை அவிழ்த்தாள். அழவில்லை. "என்ன செய்யலாம் சொல்லு" என்று மட்டும் கேட்டாள். ஆர்டிஸ் தன் பேரில் ஒமாஹா நகரத்திலிருந்து இரண்டு விக் வரவழைத்தாள். ஒன்று பெர்னிஸின் தலையில் இருக்கும், மற்றது கடையின் பின்னறை அலமாரியில் இருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசலில் 'சாப்பாட்டு நேரம்' பலகை தொங்கும். உள்ளே திரையை இழுத்துவிட்டு ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிவிடுவாள் ஆர்டிஸ். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பெர்னிஸின் சொந்தத் தங்கைக்குக்கூடத் தெரியாது.

அதற்குக் காரணம் உண்டு. பெர்னிஸ் லேசான ஆளில்லை. மாதர் சங்கத்துக்குத் தலைவி, நூலகக் குழுவுக்குத் தலைவி, கொலாச்சி ரொட்டிப் போட்டியில் நடுவர். பிளம்ஸ் வைத்த கொலாச்சியை ஒரு கடி கடித்துவிட்டு, "மாவு பொறுமையில்லாம பிசைஞ்சிருக்கு" என்று சொல்லி ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைக்கக்கூடியவள். அப்பேர்ப்பட்டவளின் தலை வழுக்கை என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா?

ஆர்டிஸோ நேரெதிர். பண்ணைக்காரர் மகள், லிங்கன் நகரத்தில் ஒரு வருஷம் முடி அலங்காரம் படித்துவிட்டு வந்தவள். தானியக் கிடங்கில் எடை போடும் எமிலைக் கட்டிக்கொண்டு, பழைய தீவனக் கடையின் முன்பாதியில், தலையை உள்ளே விட்டு முடி காயவைக்கும் மூன்று டிரையர்களை வைத்துத் தொழில் நடத்தினாள். முகம் சுமார்தான், அதை அவளே சொல்வாள். ஆனால் முடி! செம்பழுப்பு நிறத்தில், இடுப்பு வரைக்கும், கைக்கு அடங்காத முடி. கடவுள் தனக்குத் தந்த அழகு அது ஒன்றுதான் என்று அதை ஆசை ஆசையாக வளர்த்தாள். வேலை நேரத்தில் மட்டும் கொண்டைபோட்டு ஊசி குத்தியிருப்பாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கடைக்குள் 1979ஆம் வருஷக் கோடையில் பல்கலைக்கழகத்து கோரா வெய்ன் வந்து சேர்ந்தாள். சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். தோளில் டேப் ரெக்கார்டர், காலில் தட்டைச் செருப்பு, தலைமுடியைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே மேல்.

"ஜனாதிபதிகளைப் பத்தியும் போர்களைப் பத்தியும் எழுதி எழுதி அலமாரி நிறைஞ்சுபோச்சுங்க. சாதாரணப் பெண்கள் எங்க கூடினாங்க, என்ன பேசினாங்கன்னு யாருமே எழுதல. நான் இங்க ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள் கோரா.

டிரையருக்குள் தலையை விட்டிருந்த ஓப்பல் எட்டிப் பார்த்தாள். ஊர்வம்பு முழுவதும் அவள் வழியாகத்தான் போய்வரும். "நாங்க பேசுறதை எழுதினா, அந்தப் புத்தகத்தைப் பூட்டுப் போட்டுத்தான் விக்கணும் டாக்டரம்மா!" என்றாள். கடையே சிரித்தது.

கோரா உட்கார்ந்தாள். அந்தக் கோடை பூராவும் உட்கார்ந்திருந்தாள். யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள், எந்தப் பேச்சு எப்போது நிற்கிறது, ஆண்பிள்ளை எவனாவது கதவைத் திறந்தால் எதைப் பேச ஆரம்பிக்கிறார்கள், எல்லாவற்றையும் குறித்தாள். டிரையருக்குள் காது அடைத்துப்போவதால், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பெண்கள் கத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுக்கு ஒரு டாக்டர் பட்டமா? என்னைக் கேட்டா ஒரு காப்பிக்குச் சொல்லியிருப்பேனே!" என்றாள் ஓப்பல்.

கோரா ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், கடையை மூடிய பிறகு ஆர்டிஸிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தத் தொழில் வெறும் மினுக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. இந்த நாற்காலியில நீங்க செஞ்சதுலயே பெரிய காரியம் எது ஆர்டிஸ்?"

அதுவரை ஆர்டிஸிடம் அப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. எமில்கூடக் கேட்டதில்லை. படித்த ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கிறாள். ஆர்டிஸின் நெஞ்சு விம்மிவிட்டது. வாய் திறந்துகொண்டது. துணியை அவிழ்த்த மத்தியானம், ஒமாஹா விக்குகள், வியாழக்கிழமைத் திரை, எல்லாம் வந்து விழுந்தன. பெர்னிஸ் என்ற பேரோடு.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் டேப் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஐயையோ! டாக்டரம்மா, அதை அழிச்சிடுங்க!"

"பயப்படாதீங்க. எல்லார் பேரையும் மாத்திடுவோம், ஊர்ப் பேரையும் மாத்திடுவோம். எங்க தொழில்ல அதுதான் வழக்கம்."

"எண்ணூறு பேர் இருக்கிற ஊருங்க இது. பேரை மாத்தினா தலை மாறிடுமா?"

கோரா டேப்பை நிறுத்தினாள். "நீங்க சொல்றது சரிதான். அழிக்க மனசு வரல, ஆனா இதால யாருக்கும் கெடுதல் வராம பாத்துக்கறேன். என்னை நம்புங்க" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

நம்பாமல் வேறு என்ன செய்வது? ஆனால் பயம் விடவே இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கோராவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். 'புத்தகம் வளர்ந்துகொண்டிருக்கிறது' என்று அதில் ஒரு வரி இருக்கும். அது வளராமலே போகட்டும் என்று ஆர்டிஸ் தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். சோளம் விதைத்தால் அந்த வருஷமே அறுத்துவிடலாம், படித்தவர்கள் புத்தகம் விளைவிக்க ஆறு வருஷம் பிடிக்கிறது. ஒவ்வொரு வியாழனும் பெர்னிஸிடம் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். அந்தப் பளபளத்த தலையைக் கையில் ஏந்தும்போது சொல் உள்ளே போய்விடும்.

புத்தகம் வந்தேவிட்டது. ஊர் நூலகத்துக்குப் பல்கலைக்கழகமே ஒரு பிரதி அனுப்பியிருந்தது. லிண்டன் ஃபோர்க்குக்கு அதில் 'வில்லோ ஃபோர்க்' என்று பேர். லிண்டனும் மரம், வில்லோவும் மரம். ஒரு மரத்தை வெட்டி இன்னொரு மரத்தை நட்டதோடு சரி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். எடுத்துப் படித்தவர்களெல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'இது வங்கிக்காரர்', 'இது ஓப்பல், சந்தேகமே இல்லை', 'இந்த ஆள் எனக்கு இன்னும் பாக்கி தரணும்' என்று பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு. நூலகக் குழுத் தலைவி பெர்னிஸுக்கு வந்ததே ஆத்திரம்! ரப்பரை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து அழித்தாள். "பொதுச் சொத்தில் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அபராதம்" என்று வாசலில் ஒட்டினாள்.

அப்படியென்றால் பெர்னிஸ் படித்துவிட்டாள்! ஒரு பக்கம் விடாமல் அழித்திருக்கிறாளே. ஆர்டிஸுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிப்போனது. புத்தகத்தைத் தொடவே தைரியம் வரவில்லை.

அந்த வியாழன் பெர்னிஸ் வழக்கம்போல வந்தாள். திரை இழுக்கப்பட்டது. ஆர்டிஸ் விக்கைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கை ஏன்டி நடுங்குது?"

"காப்பி அதிகமாயிருச்சு போல."

"அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?"

"இன்னும் இல்லைங்க."

"படி" என்றாள் பெர்னிஸ். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. போய்விட்டாள். 'இனி வரமாட்டாள்' என்று ஆர்டிஸ் திரைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகுதான் கூத்து. மறுநாள் ஓப்பல் ஒரு பெரிய பாத்திரத்தில் கோழியும் நூடுல்ஸும் போட்ட கேசரோலோடு வந்து நின்றாள். அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் கேசரோல் போகும். ஆர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்வளவு தைரியசாலிம்மா" என்றாள். கண் மட்டும் ஆர்டிஸின் தலையிலேயே நின்றது. அன்றைக்கே இன்னும் மூன்று கேசரோல்கள் வந்தன. பாதிரியார் தெருவில் நிறுத்தி, அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். ஆர்டிஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சாயங்காலம் எமில் கிடங்கிலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றாமலே கேட்டான்.

"ஏய், உனக்கு முடியே இல்லையாமே?"

"என்னது?"

"கிடங்குல எல்லாரும் பேசிக்கறாங்க. புத்தகத்துலயே போட்டிருக்காம். முப்பது வருஷமா ஒரே கட்டில்ல படுத்திருக்கேன், எனக்கே தெரியாம போச்சே!"

ஆர்டிஸ் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நூலகத்துக்கு ஓடினாள். அலமாரிக்கு நடுவில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? பயந்தவள் படிப்பாள். அதில் கோரா எழுதியிருந்தாள்: 'என்னை நம்பிப் பேசியவர்களைக் காப்பதற்காக, ஒருவருக்கு நேர்ந்ததைச் சில இடங்களில் வேறொருவருக்கு நேர்ந்ததாக மாற்றியிருக்கிறேன்.'

கடையைப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்தாள். அங்கே 'டாரதி' என்று ஒரு முடி அலங்காரக்காரி. பண்ணைக்காரர் மகள், மூன்று டிரையர்கள், புருஷன் தானியக் கிடங்கில். காய்ச்சலில் அவளுடைய முடியெல்லாம் போய்விடுகிறது. ஊரார் முடிக்கெல்லாம் அழகு செய்கிறவள், தன் வழுக்கையை ஒரு விக்குக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு வாழ்கிறாள். கௌரவம் என்பது ஒரு சிற்றூரில் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்று அதைவைத்துக் கோரா பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தாள்.

பெர்னிஸின் வழுக்கையைத் தூக்கி ஆர்டிஸின் தலையில் வைத்துவிட்டாள் புண்ணியவதி!

ஆர்டிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது. ஆறு வருஷமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. பெர்னிஸ் தப்பித்தாள். அதற்காகத் தன் தலையை மொட்டையடித்தால்தான் என்ன?

ஆனால் 'அது நானில்லை' என்று சொல்லவும் முடியாது. சொன்னால், "அப்ப யாரு?" என்று ஓப்பல் மறுநிமிஷமே கிளம்பிவிடுவாள். காற்றில் அசையாத தலை ஊரில் எத்தனை இருக்கிறது? வீட்டுக்குப் போய் எமிலிடம், "யார் கேட்டாலும் ஆமான்னு சொல்லு" என்றாள்.

"எதுக்கு?"

"கேக்காத. சொல்லு, போதும்."

எமில் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி. ஆனா சீட்டாடற இடத்துல எவனாவது மொட்டைக்காரி புருஷன்னு கூப்பிட்டா மூக்கை உடைச்சிடுவேன்" என்றான்.

பாரம் இறங்கியது நிஜம். ஆனால் வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்த்தார்கள். "தெரியவே இல்லம்மா, இயற்கையா இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்கள். இயற்கையாக இருக்காமல் பின்னே எப்படி இருக்கும்? தனக்கென்று இருந்த ஒரே அழகை ஊரே பொய் என்கிறது, அதற்குத் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. சில நாள் கடையை மூடியதும் ஊசிகளைப் பிடுங்கி முடியை அவிழ்த்துவிட்டு, தனியாகக் கண்ணாடி முன்னால் நின்றாள். பெர்னிஸ் வியாழக்கிழமைகளில் வந்தாள், போனாள். புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆர்டிஸும் எடுக்கவில்லை.

மே மாதக் கடைசியில் மெமோரியல் டே வந்தது. செத்தவர்கள் கல்லறையில் பூ வைக்கிற நாள். ஊர் மொத்தமும் மயானத்தில் கூடும் என்பதால் அதற்கு முன் எல்லாப் பெண்களும் முடி அலங்காரம் செய்துகொண்டாக வேண்டும். அந்த வியாழன் மூன்று டிரையரும் ஓடின, சுவரோரம் மேலும் நாலு பேர் காத்திருந்தார்கள், சாப்பாட்டு நேரப் பலகையை மாட்டவே வழியில்லை. கதவைத் திறந்துகொண்டு பெர்னிஸ் வந்தாள். நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பின்னால வாங்க" என்றாள் ஆர்டிஸ் மெதுவாக.

"திரை வேண்டாம். இங்கேயே செய்."

"பெர்னிஸ், வேண்டாங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

பெர்னிஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "நீ அந்த டாக்டரம்மாகிட்ட உளறினதுக்கு உன்மேல கொள்ளைக் கோபம் எனக்கு. வேற யாருக்குத் தெரியும், நீதான் சொல்லியிருக்கணும். கொஞ்ச நாள் ஆகட்டும்னு, இவ எப்ப வாயைத் திறந்து 'அது நானில்லை'ன்னு சொல்றான்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீ. எனக்கு வரவேண்டிய கேசரோலையெல்லாம் நீயே தின்னுட்டு உக்காந்திருக்க."

பெர்னிஸ் நாற்காலியை டிரையர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஓப்பல்! எனக்குத்தான் முடி இல்ல!"

டிரையருக்குள்ளிருந்து ஓப்பல் கையைக் காதோரம் வைத்தாள். "என்னது?"

"முடி இல்லன்னேன்! எனக்கு!"

"யாருக்கு?"

கோரா வெய்ன் அங்கே இருந்திருந்தால் நோட்டு கிழியக் கிழிய எழுதியிருப்பாள். இருபது வருஷம் திரைக்குள் மூடி வைத்திருந்ததை பெர்னிஸ் ஸ்டெலிக் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி மூன்றாவது தடவையாகக் கத்த வேண்டியதாயிற்று.

"எனக்குடி! பெர்னிஸுக்கு! மொட்டை! இருபது வருஷமா!"

சொல்லிவிட்டு விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு டிரையராக அணைந்தது. பெர்னிஸின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் முதுகு வளையவில்லை.

"இப்ப நீ அவிழ்த்துவிடுடி" என்றாள்.

ஆர்டிஸ் கொண்டை ஊசிகளைப் பிடுங்கினாள். செம்பழுப்பு முடி மொத்தமும் தோளில் சரிந்து இடுப்பில் போய் நின்றது. காத்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்து அதைத் தொட்டே பார்த்தாள்.

முதலில் பேச்சு வந்தது ஓப்பலுக்குத்தான், வேறு யாருக்கு வரும்? "அடிப்பாவிகளா! அப்ப பெர்னிஸ் கொண்டை, பெர்னிஸ் கொண்டைன்னு இத்தனை வருஷமா நான் தலையைக் குடுத்தது ஒரு டோப்பாவைப் பாத்தா? காத்துல என் முடி நிக்கலைன்னு சத்து மாத்திரையெல்லாம் முழுங்கினேனேடி!"

பெர்னிஸ் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கடையே சிரித்தது. ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே பின்னறையிலிருந்து மற்ற விக்கை எடுத்துவந்து, எல்லோருக்கும் நடுவில், நடுங்காத கையால் அவளுக்கு மாட்டிவிட்டாள். ஓப்பல் மட்டும் கேசரோல் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அதே பாத்திரம் பெர்னிஸ் வீட்டுக்குப் போனது. உப்பு தூக்கல் என்று பெர்னிஸ் தீர்ப்புச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் ஆர்டிஸ் அந்தப் புத்தகத்தை நூலகத்தில் முறையாக எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து நிதானமாகப் படித்தாள். கடையைப் பற்றிய அத்தியாயத்தில், ரப்பரால் அழித்த தடத்துக்குப் பக்கத்தில், டாரதிக்கு முடி போகிற இடத்தில், ஓரத்தில் ஒரு வரி இருந்தது. பென்சில் இல்லை, அழிக்க முடியாத பேனா மை. அந்த நேர்க்கோட்டுக் கையெழுத்து ஊரில் எல்லோருக்கும் தெரியும், அபராத அறிவிப்பு ஒட்டிய அதே கை.

'இது நான். பெர்னிஸ் ஸ்டெலிக். அபராதம் கட்டிவிட்டேன்.'